இரண்டு பேருக்கு எந்த ரைஸ் குக்கர்?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தேவகோட்டை வீட்டில் ஆத்தாவும் அப்பச்சியும் மட்டும்தான். விசில் எண்ண மறந்துவிடுகிறார்கள் என்று கரன்ட் குக்கர் வாங்கித் தரப் பார்க்கிறோம். விசேஷத்துக்கு நாங்களும் போனால் எட்டுப் பேர். 1 லிட்டரா, 1.8 லிட்டரா?
– வாசகி, சென்னை

பதில்: 1 லிட்டரே வாங்குங்கள். இரண்டு பேருக்கு ஒரு வேளைக்கு ஒன்றரை ஆழாக்கு அரிசி போதும் (ஓர் ஆழாக்கு 168 மில்லி, ஏறக்குறைய 140 கிராம்). அகலமான பெரிய பாத்திரத்தில் இந்த அளவைப் போட்டால் தண்ணீர் சீக்கிரம் சுண்டி, மேலே நறுக்கரிசியும் அடியில் தீய்ந்த பொறுக்கும்தான் மிஞ்சும். விசேஷ நாளுக்குத் தவலை இருக்கவே இருக்கிறது.

கடையில் லிட்டர் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். சில கம்பெனிகள் பாத்திரத்தின் கொள்ளளவைப் போடுகின்றன, சில போடக்கூடிய அரிசியின் அளவைப் போடுகின்றன. 'அதிகபட்சம் எத்தனை கிராம் அரிசி போடலாம்' என்று கேளுங்கள். 500, 600 கிராம் என்றால் சரி.

பட்டன் வரிசை, டிஜிட்டல் திரை எதுவும் வேண்டாம். ஒரே சுவிட்ச், கழற்றி மாட்டும் வயர், இரண்டு பாத்திரம் போதும். பாத்திரம் உட்காரும் சூட்டுத் தட்டின் நடுவில் ஒரு ஸ்பிரிங் வட்டு இருக்கும், அதற்குள் காந்தம். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியில் நிற்கும். தண்ணீர் வற்றியதும் சூடு அதைத் தாண்டும், காந்தம் பிடியை விடும், சுவிட்ச் டப்பென்று மேலே வந்துவிடும். ஆனால் அப்போது குக்கர் அணைவதில்லை, 'வார்ம்' நிலைக்குத்தான் மாறுகிறது. பெரியவர்களிடம் சுவரில் உள்ள சுவிட்சையும் அணைக்கச் சொல்லிவையுங்கள்.

வாங்கும் முன் அடுப்படி பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை விட்டுப் பாருங்கள். பழைய வளவு வீடுகளில் இது முக்கியம். வோல்டேஜ் 230-லிருந்து 180-க்கு இறங்கினால் குக்கரின் சக்தி முக்கால்கூட இருக்காது, சுமார் 61 சதவீதம்தான். அன்றைக்குச் சாதம் தாமதமாகும், குக்கரில் கோளாறு இல்லை.

கேள்வி: பொன்னி புழுங்கல் அரிசி பொங்கி மேடையெல்லாம் வழிகிறது. சாதமும் விறைப்பாக இருக்கிறது. சில நாள் பாதி வெந்ததுமே சுவிட்ச் மேலே வந்துவிடுகிறது.
– வாசகர், காரைக்குடி

பதில்: பாத்திரத்தில் உள்ள தண்ணீர்க் கோடு பெரும்பாலும் பச்சரிசிக்கானது. பச்சரிசிக்கு ஒன்றுக்கு இரண்டு போதும். புழுங்கலுக்கு ஒன்றுக்கு மூன்று, பழைய அரிசியென்றால் இன்னும் அரை. அரைமணி நேரம் ஊறவைத்தே தீரவேண்டும். குக்கரோடு வரும் கப்பு 160–180 மில்லி, உங்கள் ஆழாக்கோடு கலக்காதீர்கள். அரிசிக்கும் தண்ணீருக்கும் ஒரே அளவை போதும்.

வழிவதற்குக் காரணம் கஞ்சி நுரை. தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள், அரை டீஸ்பூன் நல்லெண்ணெய் விடுங்கள், அரிசியும் தண்ணீருமாகப் பாத்திரத்தில் பாதிக்கு மேல் போகவிடாதீர்கள்.

பாதியில் சுவிட்ச் வந்தால் முதலில் அந்த வட்டைப் பாருங்கள். ஒரே ஒரு பருக்கை ஒட்டியிருந்தால் போதும், பாத்திரம் தட்டில் படியாது. ஆறியபின் துடைத்து, பாத்திரத்தின் வெளிப்புற ஈரத்தையும் துணியால் ஒற்றி, உள்ளே வைத்து இடமும் வலமும் லேசாகத் திருப்புங்கள். பாத்திரத்துக்குள்ளேயே அரிசி கழுவி, குழாயில் இடித்து அடி நெளிந்த பாத்திரம் என்றால் மாற்றத்தான் வேண்டும். சுவிட்சுக்கு முட்டுக் கொடுத்து அழுத்திவைப்பது மட்டும் கூடவே கூடாது. தாளிப்பதையும் வேறு சட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய்ச் சூட்டில் சுவிட்ச் நிற்காது.

கேள்வி: கவுனி அரிசி இதில் வேகுமா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: வேகும். ஓர் ஆழாக்கை ஒரு தடவை மட்டும் அலசி, மூன்று ஆழாக்குத் தண்ணீரில் ராத்திரியே ஊறப்போட்டு, அதே தண்ணீரில் வேகவையுங்கள். நிறம் அதில்தான் இறங்கியிருக்கும். சுவிட்ச் வந்தபின்னும் நடுவில் கடித்தால் அரை ஆழாக்கு வெந்நீர் விட்டு, பத்து நிமிஷம் கழித்து மறுபடி அழுத்துங்கள். வட்டு சூடாக இருக்கும்போது சுவிட்ச் பிடிக்காது. இனிப்பாகச் செய்வதென்றால், சீனியை முதலிலேயே போட்டால் அரிசி தண்ணீர் இழுக்காமல் நின்றுவிடும், அடியும் பிடிக்கும். பிளக்கைப் பிடுங்கியபின் சூட்டோடு சீனி, தேங்காய்ப்பூ, ஏலக்காய், நெய் சேர்த்துக் கிளறி மூடிவிடுங்கள்.