72 ஆல் பிரித்துப் பார்த்துவிட்டு பிளேடை எடுங்கள்

உவர்மலையில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரித்தானியப் போர் விமானமான ஹரிக்கேனின் பிளாஸ்டிக் மொடல் கிட் ஒன்று, நிஜத்தில் 72 இல் ஒரு பங்கு (1/72) அளவில், கைக்கு வந்திருக்கிறதாம், பழைய அச்சு. 1942 ஏப்ரலில் திருகோணமலை சீனக்குடா விமானத் தளத்தில் நின்ற, பிரித்தானிய விமானப்படையின் 261 ஆவது ஸ்குவாட்ரன் விமானமாக அதைக் கட்ட ஆசை. விமானி உட்காரும் கொக்பிட்டுக்குள் ஒரு இருக்கையும் ஒரு பொம்மை விமானியும் தவிர வேறொன்றும் இல்லை. நுண்ணிய பாகங்களை மெல்லிய உலோகத் தகட்டில் செய்து விற்கும் போட்டோ எட்ச் செட் வாங்கலாம் என்றால் அனுப்பும் கூலியோடு சேர்த்துக் கிட்டைவிட விலை கூடிவிடுகிறது. திருகோணமலையில் கிடைப்பதை வைத்து எவ்வளவு தூரம் போகலாம், எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்.

நிறையத் தூரம் போகலாம் தம்பி. ஆனால் முதலில் ஒரு கணக்கு. நிஜ ஹரிக்கேனின் இறக்கை நுனிக்கு நுனி 12.19 மீற்றர், உங்கள் மேசையில் அது 169 மில்லிமீற்றர், ஒரு சாண் கூட முழுசாக இல்லை. எதைச் செய்யத் தொடங்கினாலும் இந்த 72 ஐ மனதில் வையுங்கள். நிஜத்தில் இருப்பதை 72 ஆல் பிரியுங்கள், கிட்டில் இருப்பதை 72 ஆல் பெருக்குங்கள். கிட்டில் தகடுகளுக்கு இடையே வெட்டியிருக்கும் கோடு 0.2 மில்லிமீற்றர் அகலம் என்று வைத்துக்கொள்வோம், பெருக்கினால் 14 மில்லிமீற்றர், அதாவது நிஜ விமானத்தின் இரண்டு தகடுகளுக்கு நடுவில் சுண்டுவிரல் போகும் ஓட்டை! அந்தக் கோட்டை இன்னும் ஆழமாக வெட்டி, கறுப்பு மையும் ஊற்றி, அதை டீட்டெயில் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். என்னைக் கேட்டால் மொடலில் நுணுக்கம் கூட்டுவது என்றால் பத்தில் ஏழு பங்கு மெல்லியதாக்குவதுதான், புதிதாக ஒட்டுவது மிச்சம் மூன்று பங்கு.

அதனால் கொக்பிட்டுக்குப் போக முதல் இறக்கையின் பின் விளிம்பைப் பாருங்கள். பழைய கிட்டில் அது அரை மில்லிமீற்றர் தடிப்பு இருக்கும், பெருக்கினால் 36 மில்லிமீற்றர், கதவுப் பலகை மாதிரி. மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் ஒட்டுவதற்கு முன்பே, உள்பக்கத்தை சாண்ட் பேப்பரில் தேய்த்து, விளிம்பில் வெளிச்சம் ஊடுருவித் தெரியும்வரை கொண்டுவாருங்கள். சக்கரக் கதவுகளும் அப்படியே, அவை நிஜத்தில் மெல்லிய தகடு. கிட்டில் வந்ததை அச்சாக வைத்து, தயிர்க் கோப்பையின் பிளாஸ்டிக்கில் வெட்டிக்கொண்டால் இன்னும் நல்லது, அந்தப் பிளாஸ்டிக் பெரும்பாலும் பொலிஸ்டைரீன்தான், கிட் பசையே ஒட்டும். ஒரு துண்டில் பசை தடவி, இளகுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின் உடல் இன்னொரு இடம். ஹரிக்கேனின் உடலில் கொக்பிட்டுக்குப் பின்னால் இருப்பது தகடு இல்லை, உள்ளே மரச் சட்டங்கள், மேலே இழுத்துப் போர்த்திய துணி. அந்தச் சட்டங்கள் துணிக்கு மேலே மெல்லிய வரிகளாகத்தான் தெரியும். பழைய அச்சுக்காரர்கள் அதைத் தகரக் கூரை மாதிரி ஆக்கிவிட்டார்கள். 400 ஆம் நம்பர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து நீளவாக்கில் தேய்த்து, பிறகு 1000 த்தில் முடியுங்கள். விரலால் தடவினால் வரி தெரிய வேண்டும், ஓரடி தள்ளி வைத்துப் பார்த்தால் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, கொக்பிட். ஹரிக்கேனுக்கு ஒரு விசேஷம் உண்டு, அதற்கு முழுத் தரை கிடையாது. விமானியின் கால்கள் போய்வர இரண்டு தட்டுகள், அவற்றுக்குக் கீழே வெறும் குழாய்ச் சட்டமும் இருட்டும். கிட்டில் தட்டையான தரை ஒன்று கொடுத்திருந்தால் அதை வெட்டி எடுத்துவிடுங்கள். பாகங்கள் ஒட்டி வந்த பிளாஸ்டிக் குச்சி இருக்கிறதே, எறிந்துவிடாதீர்கள், அதை மெழுகுதிரிக்கு மேலே, சுடரில் படாமல், உருட்டி உருட்டிச் சூடாக்கி, பளபளத்து இளகும்போது வெளியே எடுத்து ஒரே சீராக இழுத்தால் நூல் மாதிரி வரும். மெதுவாக இழுத்தால் தடிப்பு, வேகமாக இழுத்தால் மெல்லிசு. அரை மில்லிமீற்றர் தடிப்பில் வருவதை இரண்டு பக்கச் சுவரிலும் குழாய்ச் சட்டமாக ஒட்டுங்கள், பக்கத்துக்கு நான்கைந்து துண்டு போதும். மயிர் போல வருவதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

கருவிப் பலகையில் ஒரு வட்டம் நிஜத்தில் 80 மில்லிமீற்றர் அளவு, உங்களுக்கு 1.1. இதற்குள் முள்ளும் எண்ணும் எழுத நினைக்காதீர்கள். கறுப்புப் பலகையில் வட்டங்களை ஊசியால் அழுத்திப் பதித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் வெள்ளைப் பென்சில் முனையால் ஒரு கீறு, அதன் மேல் ஒரு சொட்டு நெயில் பொலிஷ், நிறமில்லாதது. காய்ந்ததும் கண்ணாடி மாதிரி மின்னும். நடுவில் இருக்கும் ஆறு வட்டம், மேலே மூன்று கீழே மூன்று, ஒரே சதுரப் பலகையில் இருக்கும், அது அந்தக் காலத்துப் பிரித்தானியப் போர் விமானங்கள் எல்லாவற்றுக்கும் பொது. அதைச் சரியாக வைத்தால் மற்றதைக் கண் தானாக நம்பிவிடும். விமானியின் கட்டுப்பாட்டுத் தடி மேலே வளையமாக இருக்கும், மண்வெட்டிப் பிடி மாதிரி. மின்வயரை உரித்தால் வரும் செப்பு இழை ஒன்றை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றி வெட்டினால் வளையம் தயார்.

எல்லாவற்றிலும் முக்கியம் இருக்கை வார். கொக்பிட்டின் கண்ணாடி மூடியைத் திறந்து வைத்தால் மேலேயிருந்து பார்ப்பவரின் கண்ணில் முதலில் விழுவது அதுதான், அதற்காகத்தான் போட்டோ எட்ச் செட்டுக்கு அவ்வளவு காசு வாங்குகிறார்கள். உங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கும் அலுமினியத் தாள் ஏறக்குறைய 0.016 மில்லிமீற்றர் தடிப்பு. பெருக்கிப் பாருங்கள், ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேல், நிஜ இருக்கைத் தகட்டின் தடிப்புக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். வாருக்கும் அதே தாள்தான், ஆனால் இரண்டாக மடித்து நகத்தால் தேய்த்து எடுங்கள். கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, புது பிளேடால், இரும்பு அடிமட்டத்தை அசையாமல் பிடித்து 0.7 மில்லிமீற்றர் அகலத்தில் கீலம் கீலமாக வெட்டுங்கள், நிஜ வார் இரண்டு அங்குல அளவு என்பதால் அந்தக் கணக்கு. வெட்டும்போது பிளேடை இழுக்கக் கூடாது, இழுத்தால் தாள் சுருண்டுவிடும், மேலேயிருந்து கீழே அழுத்த வேண்டும். நான்கு கீலம்: தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு. பெயின்ற் அடிக்கு முன் வளைக்காதீர்கள், அடித்துக் காய்ந்த பிறகு பல்குத்தும் குச்சியால் தள்ளித் தள்ளி இருக்கையின் விளிம்பில் தொங்கவிடுங்கள். துணி மாதிரி ஒரு பக்கம் சரிந்து விழ வேண்டும், இரண்டும் ஒரே மாதிரி விழுந்தால் பொய்யாகத் தெரியும். வாரில் வரிசையாகத் துளைகள் உண்டு, 0.3 பேனாவால் புள்ளி வைத்தால் போதும். உள்பக்க நிறம் சாம்பல் கலந்த வெளிர் பச்சை. அந்தப் பொம்மை விமானியை எடுத்துவிடுங்கள், நிறுத்தி வைத்த விமானத்தில் அவருக்கு வேலையில்லை, அவர் இருந்தால் நீங்கள் செய்தது ஒன்றும் வெளியே தெரியாது.

இப்போது மூடிக் கண்ணாடி. கிட்டில் வருவது ஒரு மில்லிமீற்றர் தடிப்பு, அதாவது நிஜத்தில் 72, நான்கு விரல் அகலம். ஹரிக்கேனின் மூடி பின்னால் வழுக்கி முதுகின் மேல் போய் உட்காரும், இவ்வளவு தடிப்பில் அது உட்காரவே உட்காராது, சவாரி போவது மாதிரித் தூக்கிக்கொண்டு நிற்கும். எனவே புதிதாக இழுக்க வேண்டும். கிட்டின் மூடிக்குள் எபொக்ஸி பசையை நிரப்பிக் கெட்டியாக விட்டு, ஒரு குச்சியில் நட்டு வையுங்கள். கேக் பெட்டியில் வரும் தெளிந்த பிளாஸ்டிக்கை ஒரு தடித்த காட்போட்டில் ஜன்னல் வெட்டி அதில் கிளிப் அடித்து, குக்கரின் சூட்டுக்கு மேலே அரை அடி உயரத்தில் பிடியுங்கள். முதலில் நெளியும், பிறகு இறுகி நேராகும், அதற்குப் பிறகு நடுவில் தொய்யத் தொடங்கும், அந்தக் கணம்தான், உடனே மூடியின் மேல் வைத்து ஒரே அழுத்தாக அழுத்திப் பத்து எண்ணும்வரை விடாதீர்கள். பிளாஸ்டிக் பால் மாதிரி வெளுத்தால் சூடு கூடிவிட்டது, மூலையில் மடிப்பு விழுந்தால் சூடு போதவில்லை. எனக்கு நல்லதொன்று வர ஆறு ஏழு துண்டு போகும், பிளாஸ்டிக்குக் காசில்லை, பொறுமை மட்டும் வேண்டும். இப்படி இழுத்தது கிட்டின் மூடியைவிட ஒரு பொட்டுப் பெரிதாக வரும், திறந்து முதுகின் மேல் வைக்க அதுவே வசதி. ஒட்டுவதற்கு மரவேலைக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசை. சூப்பர் குளூ மட்டும் வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் படிந்து பனி மாதிரி வெளுத்துவிடும், மாதக் கணக்காகச் செய்த ஒன்றை ஒரே இரவில் நான் அப்படி இழந்திருக்கிறேன், காலையில் எடுத்துப் பார்த்தபோது மனசு விட்டுப்போனது.

அப்புறம் வெளிப்பக்கம். எந்த வகை ஹரிக்கேன் என்று முதலில் முடிவு செய்யுங்கள். 261 இடம் மார்க் 1 உம் இருந்தது, மார்க் 2பி யும் இருந்தது. முதலாவதில் இறக்கைக்கு நான்காக எட்டு பிரவுனிங் துப்பாக்கி, இரண்டாவதில் இறக்கைக்கு ஆறாகப் பன்னிரண்டு, மூக்கும் சற்று நீளம். உங்களுடையது பழைய மார்க் 1 கிட் என்றால் மார்க் 1 ஆகவே கட்டுங்கள், நீட்ட வேண்டாம். மூக்குக்குக் கீழே வெப்பநாட்டு வோக்ஸ் தூசு வடிகட்டி, அந்தத் தாடை மாதிரிப் பெட்டி, உங்கள் கிட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் கட்டப்போகும் அதே விமானத்தின் படம் கிடைத்தால் அதில் எப்படி இருக்கிறதோ அப்படி வையுங்கள், பெட்டியின் மேல் இருக்கும் ஓவியத்தை நம்ப வேண்டாம்.

அடுத்தது எந்த நேரம். 1942 ஏப்ரல் 9 காலையில், ஜப்பானியத் தளபதி நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களில் இருந்து கிளம்பி வந்தவர்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் அடித்தார்கள், முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டுப் போன பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட கதைதான். ஆனால் மொடலுக்கு இது வெறும் கதை இல்லை. அன்று விடியற்காலை தயார் நிலையில் நிற்கும் விமானம் என்றால் இறக்கையின் முன் விளிம்பில் துப்பாக்கி வாய்களைத் துணி ஒட்டி மூடியிருப்பார்கள், பெரும்பாலும் சிவப்பு. சிகரெட் கடதாசியில் ஒரு மில்லிமீற்றர் சதுரம் வெட்டி, வெள்ளைப் பசையை நீர்த்து ஒட்டினால் அச்சு அசல். சண்டை முடிந்து இறங்கிய விமானம் என்றால் அந்தத் துணி கிழிந்திருக்க வேண்டும், இறக்கையின் அடியில் பின்னோக்கிக் கரிக் கோடு இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே விமானத்தில் கலக்காதீர்கள். வட்டச் சின்னங்களையும் கவனியுங்கள்: வெள்ளை வளையம் ஒல்லியாக இருக்கும் வகை 1942 மே மாதத்துக்குப் பிறகு வந்தது, உங்களுக்கு வேண்டியது அதற்கு முந்தியது, உடலில் வெள்ளை அகலமாக, வெளியே மஞ்சள் வளையத்தோடு. வாலில் இருக்கும் கொடி போன்ற பட்டையில் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் ஒரே அகலம்.

பெயின்ற் உரிந்த மாதிரி வெள்ளிப் பொட்டு வைக்க எல்லோருக்கும் கை துடிக்கும். இறக்கை வேரில், எஞ்சின் மூடியில், விமானி கால் வைத்து ஏறும் இடத்தில் வையுங்கள், தாராளமாக. பின் உடல், வாலில் இருக்கும் சுக்கான், வாலில் மேலும் கீழும் அசையும் எலிவேட்டர், இறக்கையின் பின் விளிம்பில் அசையும் ஏலரொன் இவற்றில் ஒரு பொட்டுக் கூட வேண்டாம், அவை துணி. துணி உரிந்தால் வெள்ளி எப்படித் தெரியும்?

இறக்கை நுனி விளக்கு இடது சிவப்பு, வலது பச்சை. டயரின் அடியை ஒரே ஒரு தேய்ப்புத் தேய்த்துத் தட்டையாக்கினால் விமானத்துக்கு எடை வந்துவிடும். எலிவேட்டரைக் கீறிப் பிரித்துக் கொஞ்சம் கீழே சாய்த்து ஒட்டினால் நிறுத்தி வைத்த விமானம் என்று உடனே தெரியும். ஏரியல் கம்பிக்குத் தங்கூசி எடுக்க நினைக்கலாம், மீன்பிடிச் சாமான் கடையில் கிடைப்பதில் ஆக மெல்லியது கூட 0.1 மில்லிமீற்றர், நிஜத்தில் 7, தடிப்புத்தான். முன்பு இழுத்து வைத்த மயிர் போன்ற பிளாஸ்டிக் இழையை இதற்குப் பாவியுங்கள். ஒட்டியபின் தொய்வாக இருந்தால் ஊதி அணைத்த ஊதுபத்தியின் சிவந்த முனையை ஒரு விரல் தள்ளி அடியில் காட்டினால் தானே இறுகும். தொட்டுவிட்டால் அறுந்துவிடும்.

கடைசியாக நம் ஊர்க் காற்று. ஐப்பசி மார்கழியில் வாடையோடு வரும் ஈரத்தில் மட் வார்னிஷ் அடித்தால் வெண்படலம் படியும், அடியில் இருக்கும் நிறம் எல்லாம் மங்கிப்போகும். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று அடிக்கும்போது அதற்கு எதிர்மாறு, ஸ்ப்ரேயில் இருந்து வரும் பெயின்ற் மேற்பரப்பில் படுவதற்கு முன்பே காய்ந்து மணல் தூவிய மாதிரி நிற்கும், புழுதி வேறு. வெட்டுவது, ஒட்டுவது, வார் தொங்கவிடுவது எல்லாவற்றையும் மழைக்காலத்தில் வீட்டுக்குள் இருந்து செய்துவிடுங்கள். பெயின்ற்றும் வார்னிஷும் மாசி, பங்குனிக்கு இருக்கட்டும், மழை இல்லாத நாளாகப் பார்த்து, ஈரம் இறங்கியபின் காலை பத்து மணி போல.