சொல்லாமல் கிளம்பிவிடலாமா?

கேள்வி: எனக்கு 24 வயது. ஊர் கடலூர் முதுநகர். நர்ஸிங் முடித்துப் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். அருட்சகோதரியாக (கன்னியாஸ்திரியாக) வேண்டும் என்பது பள்ளி நாளிலிருந்தே என் ஆசை. வீட்டில் சொன்னதிலிருந்து அம்மா அழுதுகொண்டே இருக்கிறார். அப்பா பேசுவதில்லை. இரவு வீட்டில் எல்லோரும் முறைவைத்துச் செபமாலை சொல்லும்போது என் முறை வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார். வரன் பார்க்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். கல்விக்கடன் இன்னும் பாக்கி. கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போய்விடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வேண்டாம்மா. துறவறம் போங்கள், ஆனால் அப்படிப் போகாதீர்கள்.

முதலில் கடன். அநேகமாக அந்தப் பத்திரத்தில் அப்பாவும் கையெழுத்துப் போட்டிருப்பார். நீங்கள் கிளம்பிய மறுமாதம் வங்கிக்காரர்கள் வந்து நிற்பது அவர் வாசலில்தான். கடனை அடைக்க வழியில்லாதவரை நவதுறவில், அதாவது துறவறத்தின் தொடக்கப் பயிற்சியில், சேர்க்கக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமே (எண் 644) சொல்கிறது. காணிக்கை என்று பெயர் சொல்லித் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் படித்துப் பாருங்கள். வேலையில் இருங்கள், கடனை முடியுங்கள். கடவுளின் அழைத்தல் உண்மையானால் அதுவரை காத்திருக்கும்.

செபமாலை பற்றி நீங்கள் எழுதிய வரியை மறுபடி மறுபடி படித்தேன். அப்பா செபத்தை விடவில்லை. மற்றவர்கள் சொல்லும்போது உட்கார்ந்துதான் இருக்கிறார். உங்கள் குரலில் அதைக் கேட்கத்தான் அவரால் முடியவில்லை. கோபத்தைவிடப் பயம்தான் அதில் எனக்குத் தெரிகிறது. "மாப்பிள்ளை அமையல போல, மடத்துக்கு அனுப்பிட்டாங்க" என்று தெருவில் நாலு பேர் சொல்வதை அவர் இப்போதே காதில் கேட்கிறார். வயதான காலத்தில் உடம்புக்கு முடியாமல் போனால் நர்ஸ் படித்த மகள் பக்கத்தில் இருக்க மாட்டாளே என்ற கவலையும் இருக்கும். அது நியாயமான கவலை. "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி அதைக் கடந்து போகாதீர்கள். கூடப்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களை உட்கார வைத்து, அம்மா அப்பாவை யார் எப்படிப் பார்ப்பது என்று பேசுங்கள். வீட்டுக்கு எப்போது வரலாம், பெற்றோர் நோயுற்றால் அனுப்புவார்களா என்று சேர நினைக்கும் துறவற சபையிடம் நேராகவே கேளுங்கள். சபைக்குச் சபை வழக்கம் வேறுபடும்.

இன்னொன்று. இன்று போனால் நாளை வெள்ளுடை, அத்தோடு மகள் போய்விட்டாள் என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கலாம். பல ஆண்டுப் பயணம் இது என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். சேர்ந்ததும் சில காலம் முன்பயிற்சி. அதன்பின் நவதுறவு, குறைந்தது 12 மாதம். அதன் பிறகே முதல் வார்த்தைப்பாடு, அதாவது துறவற வாக்குறுதி. அதுவும் குறித்த காலத்துக்குத்தான். குறைந்தது 3 வருடமாவது அப்படி வாழ்ந்த பிறகே இறுதி வார்த்தைப்பாடு. நடுவில் இது நமக்கில்லை என்று தோன்றினால் திரும்பி வரலாம், அதில் ஒரு அவமானமும் இல்லை. இதை நீங்கள் சொல்வதைவிட, சபையின் அழைத்தல் பொறுப்பாளரான சகோதரி வீட்டுக்கு வந்து, அம்மா கையால் ஒரு காபி குடித்துக்கொண்டே சொன்னால் எடுபடும். பங்குத்தந்தையிடம் சொன்னால் ஏற்பாடு செய்வார்.

1844-ல் துப்புயி அடிகளார் என்ற பிரெஞ்சுக் குருவானவர் பெண்பிள்ளைகளின் படிப்புக்காகப் புதுச்சேரியில் சகோதரிகள் சபை ஒன்றைத் தொடங்கினார். பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பவே வீடுகள் தயங்கிய காலம் அது. அந்தக் காலத்திலும் மகளை அனுப்பிவைத்த வீடுகள் இந்த மண்ணில் இருந்தன.

வரன் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மனதில்லாமல் தலையாட்டினால் வரப்போகிறவன் வாழ்க்கையும் சேர்ந்து கெடும். யார் எந்த வாழ்வைத் தேர்வது என்பதில் கட்டாயம் கூடாது என்று அதே திருச்சபைச் சட்டத்தின் எண் 219 சொல்கிறது. அடுத்த பெண்பார்க்கும் பேச்சு வருமுன் அம்மாவிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

கடன் முடிந்து, எல்லாம் பேசிய பிறகும் அப்பா சம்மதிக்கவில்லையென்றால், கிளம்பும் தேதியை ஒரு மாதம் முன்பே அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அன்று காலை காலில் விழுந்து ஆசீர் கேளுங்கள். தராவிட்டாலும் போங்கள். போய்ச் சேர்ந்ததும், அவர் எடுக்காவிட்டாலும், முதல் போன் அவருக்கே போடுங்கள்.