சாமுராய் மினியேச்சர்: வாங்கும் முன்பும் தீட்டும்போதும் எழும் கேள்விகள்

கேள்வி: சாமுராய் உருவம் ஒன்றை வாங்கி, அதன் மேலங்கியில் அசனோஹா என்ற சணல் இலைக் கோலத்தைக் கையாலேயே தீட்ட ஆசை. 28 மி.மீ., 54 மி.மீ., 75 மி.மீ. உயரம், மார்பளவுச் சிலை என்று பல அளவுகள் இருக்கின்றன. விலையில் 28 மி.மீ. தான் கட்டுப்படியாகிறது. வாங்கலாமா?

அசனோஹாதான் வேண்டும் என்றால் 28 மி.மீ. வேண்டாம். கணக்குப் போட்டாலே விடை வந்துவிடும். நிஜத் துணியில் ஒரு அசனோஹா நட்சத்திரம் 6 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 மி.மீ. உருவம் ஏறத்தாழ 1/24 அளவு. அதில் அந்த நட்சத்திரம் 2.5 மி.மீ. ஆகும். 1/32 அளவான 54 மி.மீ. உருவத்தில் 1.9 மி.மீ. 28 மி.மீ. உருவத்திலோ 1 மி.மீ. தான். அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் ஆறு முக்கோணங்கள் வர வேண்டும், ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் மூன்று கோடுகள். கை எவ்வளவு பழகியிருந்தாலும் கோடு 0.15 மி.மீ.க்குக் கீழே போவது அரிது. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, தள்ளி நின்று பார்த்தால் வெறும் சாம்பல் திட்டாகத் தெரியும்.

முதல் முயற்சிக்கு 1/10 அல்லது 1/12 மார்பளவுச் சிலையை வாங்குங்கள். 1/10 சிலையில் அதே நட்சத்திரம் 6 மி.மீ. வரும், கையும் கண்ணும் ஒத்துழைக்கும். 28 மி.மீ. ஏற்கெனவே கையில் இருந்தால் இச்சிமட்சு என்ற சதுரக் கட்டமோ, உரோகோ என்ற முக்கோண வரிசையோ போடுங்கள். இரண்டும் சிறிய அளவிலும் எடுபடும்.

கவசத்தின் காலத்தையும் பார்த்து வாங்குங்கள். ஜப்பானின் ஹெய்யான், காமகுரா காலத்து (8 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை) ஓ-யொரோய் கவசத்தில் சிறு தகடுகள் வரிசை வரிசையாக நெருக்கமான பட்டுக் கயிறுகளால் கோக்கப்பட்டிருக்கும். அந்தக் கயிறுகளைத் தீட்டுவதிலேயே பல வாரம் போய்விடும். 16ஆம் நூற்றாண்டின் தோசெய் குசோகு கவசத்தில் பெரிய தகடுகள் அதிகம், கயிறுகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக இடைவெளி விட்டு வரும். அதன்மேல் ஜின்பவோரி என்ற கையில்லாத மேலங்கி இருந்தால் கோலம் போட அகலமான துணிப்பரப்பும் கிடைக்கும். தோசெய் குசோகுவும் ஜின்பவோரியும் சேர்ந்த உருவமே உங்களுக்கு ஏற்றது.

கேள்வி: ஐரோப்பிய நிறுவனம் ஒன்றின் 75 மி.மீ. ரெசின் (ஊற்றினால் இறுகும் செயற்கைப் பிசின்) சாமுராய், அதே படத்தோடு வேறொரு இணையக் கடையில் நாலில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. அசல்தானா?

பெரும்பாலும் நகல்வார்ப்பு. அசல் உருவத்திலிருந்து ரப்பர் அச்சு எடுத்து மறுபடி ரெசின் ஊற்றி விற்பது இந்தத் துறையில் நெடுநாளாக நடக்கிற திருட்டு. சிற்பிக்கு ஒரு காசும் போய்ச் சேராது. வாங்குபவருக்கும் நஷ்டம்தான். அச்சிலிருந்து அச்சு எடுக்கும்போது கூர்மை மழுங்கும். கவசக் கயிறுகளுக்கு நடுவில் உள்ள பள்ளம் ஆழம் குறையும், முகக்கவசத்தின் மீசைத் துளைகள் அடைபடும், கத்தியின் விளிம்பு உருண்டுவிடும். பள்ளம் ஆழமாக இருந்தால் தூரிகை தானே மேட்டைத் தொட்டுக்கொண்டு போகும். மழுங்கியிருந்தால் ஒவ்வொரு கயிற்றையும் நீங்களே வரைய வேண்டியிருக்கும்.

கடையில் தீட்டிய உருவத்தின் படம் மட்டுமே இருந்தால் நம்பாதீர்கள். நிறம் பூசாத வார்ப்பின் படத்தைக் கேளுங்கள். தயாரிப்பாளர் பெயர், சிற்பி பெயர், பெட்டி மூன்றும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

முப்பரிமாண அச்சில் எடுத்து விற்பவர்களிடம் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்: அடுக்கு எத்தனை மைக்ரான்? 30 முதல் 50 வரை இருந்தால் சரி. அதற்கு மேல் போனால் மார்புக்கவசத்தின் வழவழப்பான தகட்டில் வளையக் கோடுகள் தெரியும், பளபளப்பு ஏற ஏற இன்னும் எடுத்துக்காட்டும். தொட்டால் பிசுபிசுக்கும் உருவம் சரியாக இறுகாதது, அதன்மேல் பிரைமர் (நிறம் பிடிக்க முதலில் பூசும் பூச்சு) நிற்காது.

கேள்வி: 000, 5/0, 10/0 என்று பத்து மெல்லிய தூரிகைகள் கொண்ட செட் வாங்கலாமா? கீரி முடித் தூரிகைதான் நன்றாக இருக்கும் என்றும் ஒரு கடையில் சொன்னார்கள்.

கீரி முடி வேண்டவே வேண்டாம். இந்தியாவில் கீரி, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதன் முடியை விற்பதும் வாங்குவதும் குற்றம். கடையில் வெளிப்படையாகத் தொங்குகிறது என்பதற்காக அது சட்டப்படியானது ஆகிவிடாது.

வெளிநாட்டு ஓவியர்கள் புகழ்வது கோலின்ஸ்கி முடி. அது சைபீரிய வீசல் என்ற சிறு விலங்கின் வால் முடி. அந்த விலங்கும் வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மூன்றாம் பட்டியலில் இந்தியாவால் சேர்க்கப்பட்டது. தனியாள் பெயரில் தருவித்தால் ஆவணம் இல்லாமல் சுங்கத்தில் நின்றுவிடக்கூடும். நல்ல செயற்கை இழைத் தூரிகையே போதும். அதன் நுனி சில வாரங்களில் கொக்கிபோல் வளைந்துவிடும் என்பது உண்மை. ஆகவே அதைத் தீர்ந்துபோகும் பொருளாகக் கணக்கில் வைத்து, ஒரே ரகத்தில் இரண்டு மூன்றாக வாங்குங்கள்.

அளவு 1 ஒன்று, அளவு 0 ஒன்று, அடிப்பூச்சுக்கு 3 ஒன்று. 10/0 தேவையே இல்லை. மெல்லிய கோட்டைத் தருவது நுனி. நிறத்தைத் தாங்குவது வயிறு, அதாவது முடியின் புடைத்த நடுப்பகுதி. 10/0 தூரிகைக்கு வயிறே கிடையாது. நம் ஊர் வெயிலில் தட்டிலிருந்து உருவத்துக்குக் கொண்டு போவதற்குள் நுனியில் நிறம் காய்ந்துவிடும், கோடு பாதியில் அறுந்துவிடும். கடையில் தூரிகையைத் தண்ணீரில் நனைத்து ஒரு உதறு உதறுங்கள். ஒரே முனையாகக் கூடினால் வாங்குங்கள், இரண்டாகப் பிரிந்தால் வைத்துவிடுங்கள்.

கேள்வி: எத்தனை நிறம் வாங்க வேண்டும்? 72 நிறப் பெட்டி லாபமா?

ஒரே உருவத்துக்கு லாபமில்லை. வயெஹோ மாடல் கலர் ஒரு குப்பி 17 அல்லது 18 மி.லி., சிட்டாடல் டப்பா 12 மி.லி. ஒரு 75 மி.மீ. உருவம் முழுவதற்கும் முக்கிய நிறத்தில்கூட 2 மி.லி. செலவாகாது. கறுப்பு, வெள்ளை, சாதிலிங்கச் சிவப்பு, அடர் செம்பழுப்பு, அவுரி நீலம், மஞ்சட்காவி, தந்த வெள்ளை, அடர் பழுப்பு, தோல் நிறம், எஃகு, பொன் என்று பதினொன்று போதும். சொட்டு மூடியுள்ள குப்பியாகப் பார்த்து வாங்குங்கள். திறந்து மூடும் டப்பாவில் விளிம்பில் நிறம் காய்ந்து, மூடி இறுகாமல், உள்ளே இருப்பதும் கெட்டியாகிவிடும்.

நிறங்களைத் தேர்ந்தெடுக்கும்போது கவசத்தின் மெருகை நினைவில் வையுங்கள். அது உருஷி மரத்தின் பால். அதில் கறுப்பும் சாதிலிங்கச் சிவப்பும் பழுப்பும் நன்றாக வரும், தூய வெள்ளையும் பளிச்சென்ற நீலமும் வராது. ஆகவே நீலத்தைத் தகட்டில் பூசாமல் பட்டுக் கயிற்றுக்கும் துணிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். செங்கவசத்துக்குப் பேர்போன ஈ நாவோமாசாவின் படைவீரனைத் தீட்டுகிறவர்கள்கூடத் தீயணைப்பு வண்டிச் சிவப்பைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். செம்பழுப்பில் அடிப்பூச்சு கொடுத்து, அதன்மேல் சாதிலிங்கத்தை மெல்லியதாக மூன்று தடவை ஏற்றினால்தான் அந்த ஆழம் வரும்.

கேள்வி: அசனோஹாவை எப்படித் தொடங்குவது? கோடு மடிப்பில் கோணலாகிறது, சில இடத்தில் நிறம் வழிந்து பரவுகிறது.

முதலில் கோலத்தின் கட்டமைப்பு. மூன்று திசைகளில், 60 பாகைக் கோணத்தில், சம இடைவெளியில் இணைகோடுகள் போட்டால் சமபக்க முக்கோணங்கள் விழும். ஒவ்வொரு முக்கோணத்தின் நடுப்புள்ளியிலிருந்தும் மூன்று மூலைக்கும் ஒவ்வொரு கோடு. அவ்வளவுதான் அசனோஹா. முக்கோணப் பக்கங்கள் இலையின் நடுநரம்பாகவும், உள்ளே போட்ட கோடுகள் இலையின் ஓரமாகவும் தாமாக மாறிவிடும். இலை இலையாக வரையப் போனால் பத்தாவது இலைக்குள் அளவு மாறிவிடும்.

துணியின் நிழலையும் வெளிச்சத்தையும் முதலில் முடித்துவிடுங்கள். பிறகு அக்ரிலிக் சாட்டின் (அரைப் பளபளப்பு) வார்னிஷ் ஒரு பூச்சு, ஒரு இரவு காயட்டும். இந்தப் பூச்சு இருந்தால் தவறிய கோட்டைச் சில நொடிகளுக்குள் ஈரத் தூரிகையால் துடைத்தெடுக்கலாம், அடிநிறம் கலையாது. இல்லாவிட்டால் ஒவ்வொரு பிழைக்கும் துணியை மறுபடி தீட்ட வேண்டும்.

அடுத்து, துணியைவிட ஒரே ஒரு படி வெளிறிய நிறத்தில் புள்ளிகள் மட்டும் வையுங்கள். முக்கோண மூலைகள் வரும் இடங்கள் அவை. 1/24 உருவத்தில் புள்ளிக்குப் புள்ளி 1.25 மி.மீ., 1/10 சிலையில் 3 மி.மீ. மெல்லிய காகிதப் பட்டையில் இந்த இடைவெளியைக் குறித்து, துணியின் வளைவோடு படியவைத்து அளந்து வையுங்கள். நேரான அளவுகோலை வைத்தால்தான் மடிப்பில் கோணலாகும். மடிப்பு உள்ளே போகும் இடத்தில் புள்ளிகள் கண்ணுக்கு நெருங்கித் தெரிய வேண்டும், ஆழத்தில் மறைந்தே போகலாம். முழுக்கோலத்தையும் வளைக்காமல் ஒட்டவைத்ததுபோல் போட்டால் துணி அட்டையாகிவிடும்.

இன்னொரு வசதி உண்டு. ஜப்பானிய நெசவுத் துணி ஏறக்குறைய 36 செ.மீ. அகலம்தான். ஆடை அந்தப் பட்டைகளைச் சேர்த்துத் தைத்தது. 1/24 அளவில் அது 15 மி.மீ. முதுகின் நடுத்தையலில் கோலம் பொருந்தாமல் நிற்பது பிழையே அல்ல. தையல் கோட்டில் நிறுத்திவிட்டு மறுபக்கத்தைப் புதிதாகத் தொடங்குங்கள். முழு முதுகையும் ஒரே வலையாக இணைக்கப் போய்த்தான் பலருக்கு அளவு தவறுகிறது.

கோட்டுக்கு ஒரு பங்கு நிறம், ஒரு பங்கு தண்ணீர். கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். பரவினால் தண்ணீர் அதிகம், அறுந்தால் குறைவு. உங்களுக்கு வழிவது பெரும்பாலும் தண்ணீரால் அல்ல, தூரிகையின் வயிற்றில் நிற்கும் அளவால். நிறத்தைத் தொட்டவுடன் காகிதத் துண்டில் ஒரு முறை ஒற்றிவிட்டு உருவத்துக்குப் போங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஈரத் தட்டு அவசியம். மூடியுள்ள டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்சு, மேலே கேக் சுடப் பயன்படும் பேக்கிங் (baking) காகிதம். வெண்ணெய்த்தாள் என்று விற்பது எல்லாம் ஒன்றல்ல, மெழுகு பூசியது ஈரத்தை விடாது.

கோலத்துக்குத் தூய வெள்ளை எடுக்காதீர்கள். தந்த வெள்ளையில் மூன்றில் ஒரு பங்கு துணி நிறத்தைக் கலந்து தொடங்குங்கள். வலை முழுதும் முடிந்ததும், மடிப்பின் மேட்டில் விழும் கோடுகளை மட்டும் தூய தந்த வெள்ளையால் தொட்டுவிடுங்கள். பள்ளத்தில் உள்ளவற்றின்மேல் துணியின் நிழல் நிறத்தை ஒரு பங்குக்கு ஆறு பங்கு தண்ணீரில் கரைத்து மெல்லப் படரவிடுங்கள். அப்போது கோலம் துணிக்குள் இறங்கிவிடும். இந்த ஒரு படியைச் செய்யாத வேலை, கோடு எவ்வளவு நேராக இருந்தாலும் ஸ்டிக்கர் மாதிரியே இருக்கும்.

கேள்வி: குடும்பச் சின்னத்தைக் கையால் வரைய முடியவில்லை. டெக்கல் (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய அச்சுப்படம்) ஒட்டலாமா?

தாராளமாக. சனதா குலத்தின் ஆறு காசுகள், தக்கேதாவின் நான்கு சாய்சதுரங்கள் போன்றவற்றைக் கையால் போடலாம். தொக்குகவாவின் மூன்று இலைச் சின்னத்துக்கு டெக்கல்தான் நல்லது. மேட் (பளபளப்பில்லாத) பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி நிறமாகப் பளபளக்கும். முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் டெக்கல், அதை மென்மையாக்கிப் படியவைக்கும் திரவம், காய்ந்ததும் மேட் வார்னிஷ். மென்மையாக்கும் திரவம் போட்டதும் டெக்கல் சுருங்கும். பயந்துபோய்த் தொட்டால் கிழியும். அரை மணி விட்டால் தானே விரிந்து படியும்.

கேள்வி: ஸ்ப்ரே பிரைமர் வெளிநாட்டிலிருந்து அனுப்ப மறுக்கிறார்கள். சென்னையில் வாங்கி அடித்தால் மணல் மாதிரி சொரசொரப்பாகிறது.

அழுத்தக் குப்பிகள் விமானச் சரக்கில் ஆபத்தான பொருள் பட்டியலில் வருபவை, அதனால்தான் மறுப்பு. சொரசொரப்புக்குக் காரணம், வெயிலில் நிறத்துளி உருவத்தில் படுமுன் காற்றிலேயே காய்வது. தூரம் 20 செ.மீ.க்கு மேல் போக வேண்டாம். ஈரப்பதம் மிகுந்த நாளில் வெண்மையாகப் பூத்தும் போகும், மழை நாளில் அடிக்காதீர்கள். ஒரே உருவத்துக்கு என்றால் தூரிகையால் பூசும் அக்ரிலிக் பிரைமரே மேல், மெல்லியதாக இரண்டு பூச்சு. அதற்கு முன் ரெசினைப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். அச்சில் தடவிய எண்ணெய் போகாவிட்டால் பிரைமர் தோலாக உரியும். ரெசினை ஈரமாக வைத்தே உப்புத்தாள் போடுங்கள், முகமூடி அணியுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

கேள்வி: பார்சலைப் பிரித்தால் கத்தி வளைந்திருக்கிறது, ஒரு தோள்கவசம் இல்லை. கடைக்காரர் 'திரும்பப் பெற மாட்டோம்' என்கிறார்.

வளைந்த கத்தி குறையே இல்லை. கொதிக்காத சுடுநீரில் அரை நிமிடம் போட்டு, மேசையில் நேராக்கி, உடனே குளிர்நீரில் முக்குங்கள், நிமிர்ந்துவிடும்.

தோள்கவசம் இல்லாதது வேறு விஷயம். இந்திய இணையக் கடை என்றால், 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, குறைபாடுள்ள அல்லது விவரித்தபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் பெற்றதை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோவும், பெட்டிக்குள் வந்த பாகங்களின் படமும் இருந்தால் வழக்கு உங்கள் பக்கம். வெளிநாட்டுத் தயாரிப்பாளரிடம் நேரடியாக வாங்கியிருந்தால் பாகத்தின் படத்தோடு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். விடுபட்ட பாகத்தை மட்டும் தனியே அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். பதில் வரும்வரை மற்ற பாகங்களை ஒட்டாமல், பிரைமர் பூசாமல் அப்படியே வையுங்கள்.