கேளுங்க சொல்றேன்: வானத்தப் பாத்து கத்துற மெஷினுங்க

போன இதழ்ல அலாஸ்கால இருக்கற ஹார்ப் ரேடியோ நிலையம் ஒரு விண்கல் மேல சிக்னல் அடிச்சுப் பாத்தத பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதிட்டேன். அவ்ளோதான், கடுதாசியும் வாட்ஸப்பும் குவிஞ்சிருச்சு, பாதி பேர் திட்டியிருக்கீங்க, பாதி பேர் பயந்திருக்கீங்க. அதனால இந்தத் தடவ மத்த கேள்வியெல்லாம் ஓரமா வச்சாச்சு.

கேள்வி (விருதுநகர் வாசகர்): ஹார்ப்ப வச்சுத்தான் புயல், பூகம்பம் எல்லாம் வரவைக்கறாங்கன்னு எங்க ஃபேமிலி குரூப்ல வீடியோவா வருது. நீங்க என்னடான்னா அத ஏதோ சாதாரண ஆராய்ச்சின்னு எழுதறீங்க. யாரு சொல்றத நம்பறது?

அண்ணே, முதல்ல அங்க என்ன இருக்குன்னு பாத்துருவோம். அலாஸ்கால ககோனான்னு ஒரு ஊரு பக்கத்துல, வரிசைக்கு 15, மொத்தம் 12 வரிசை, ஆக 180 கம்பங்கள்ல ஆன்டெனா. எல்லாம் சேந்து 36 லட்சம் வாட் வரைக்கும் அனுப்பும், 2.7ல இருந்து 10 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். முன்னாடி அமெரிக்க ராணுவப் பணத்துல ஓடுச்சு, உங்க குரூப்ல சந்தேகப்படறதுக்கு அதுவும் ஒரு காரணம், அத நான் தப்பு சொல்ல மாட்டேன். 2015ல அலாஸ்கா யூனிவர்சிட்டி கைக்கு வந்துருச்சு.

36 லட்சம் வாட்னா வயித்தக் கலக்கத்தான் செய்யும். ஆனா அது கிளம்பற இடத்துல இருக்கற கணக்கு. மேல போகப் போக விரிஞ்சுக்கிட்டே போகுது இல்லையா, அயனோஸ்பியர் (வெயில் பட்டு எலக்ட்ரான்கள் கழண்டு திரியற மேல் காத்து மண்டலம்) போய்ச் சேரும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3 மைக்ரோவாட் கூட கிடையாது. மொட்டை மாடியில நிக்கும்போது வெயில் நம்ம மேல கொட்டறது இத மாதிரி முப்பதாயிரம் மடங்குக்கும் மேல. புயலும் மழையும் நடக்கறது தரையில இருந்து சுமார் 15 கிலோமீட்டருக்குள்ள, இந்த அலைவரிசைய அந்தக் காத்து உறிஞ்சறதே இல்ல, பழைய ஷார்ட்வேவ் ரேடியோ ஓடின அதே அலைவரிசைதானே. உறிஞ்சாத ஒண்ணு எப்படிச் சூடாக்கும், எப்படிப் புயலக் கிளப்பும்?

வீடியோக்காரங்க சொல்றதுல ஒரு பங்கு உண்மையும் இருக்கு, அத மறைக்கக் கூடாது. ஹார்ப் நெஜமாவே அயனோஸ்பியர சூடாக்குது, அதுதான் அதோட வேலையே. நூறு இருநூறு கிலோமீட்டர் உசரத்துல ஒரு சின்ன இடத்துல எலக்ட்ரான்கள உசுப்பிவிட்டு, அது என்ன பண்ணுதுன்னு மத்த கருவிகள வச்சுப் பாப்பாங்க. சுவிட்ச ஆஃப் பண்ணினா கொஞ்ச நேரத்துல பழையபடி ஆயிடும். சூரியன் தினமும் காலையில அந்த மண்டலத்துக்குச் செய்யறத நெனச்சா இது கடல்ல ஒரு சொம்பு வெந்நீர்.

விண்கல் சமாச்சாரம் 2022 டிசம்பர் 27ல நடந்தது. 2010 எக்ஸ்.சி.15ன்னு பேரு, சுமார் 150 மீட்டர் குறுக்களவு, நிலா தூரத்தப் போல ரெண்டு மடங்கு தள்ளிப் போச்சு. நீளமான அலைன்னா கல்லு உள்ள வரைக்கும் போய் வரும்னு ஒரு நம்பிக்கை, 2029 ஏப்ரல்ல அபோபிஸ்னு ஒரு பெரிய கல்லு நம்ம பக்கத்துலயே வருது, அதுக்கு ஒத்திகை.

கேள்வி (நாகர்கோவில், ஓய்வு பெற்ற தபால்காரர்): ராத்திரியானா இலங்கை வானொலியும் இன்னும் ஏதேதோ தூரத்து ஸ்டேஷனும் தெளிவாக் கேக்கும், காலையில போயிடும். இதுவும் அந்த அயனோஸ்பியர் வேலைதானா?

அதேதான் ஐயா. பகல்ல கீழ் அடுக்கு ஒண்ணு உருவாகி மீடியம் வேவ முழுங்கிடும். ராத்திரி அந்த அடுக்கு கலைஞ்சுரும், அலை இன்னும் மேல போய் பட்டுத் திரும்பி வரும்.

உங்களுக்கு ஒரு கதை பிடிக்கும். 1933ல ஹாலந்துல டெல்லெகன்னு ஒரு எஞ்சினியர் சுவிட்சர்லாந்து பெரோமுன்ஸ்டர் ஸ்டேஷன கேட்டுக்கிட்டு இருக்கார். பின்னாடி லக்சம்பர்க் ஸ்டேஷன் நிகழ்ச்சி கேக்குது. ரெண்டுக்கும் அலைவரிசை வேற, செட்டு கோளாறும் இல்ல. அப்புறம்தான் புரிஞ்சது, லக்சம்பர்க்ல இருந்த டிரான்ஸ்மிட்டர் அந்தக் காலத்துக்கு ரொம்பப் பெருசு, அது மேல இருக்கற எலக்ட்ரான்கள ஆட்டிவிட்டிருக்கு, அந்த வழியாப் போன சுவிஸ் அலை மேல லக்சம்பர்க் பாட்டு ஒட்டிக்கிட்டு வந்துருச்சு. யாரோ பாட்டு போட்டதுல வானமே ஆடிப்போச்சு! இன்னிக்கு ஹார்ப்ல வேணும்னு செய்யறத அன்னிக்கு லக்சம்பர்க் தெரியாமலே செஞ்சது.

கேள்வி (கும்பகோணம், பிளஸ் டூ மாணவி): கிரகத்தப் பாக்க டெலஸ்கோப் இருக்கு, விண்கலம் அனுப்பறாங்க. இங்க உக்காந்துக்கிட்டு ரேடியோ அலை அடிக்கறதுல என்ன தெரிஞ்சிடப் போகுது?

தங்கச்சி, கெணத்துல எட்டிப் பாத்து "ஓய்"னு கத்தியிருக்கியா? சத்தம் திரும்பி வர நேரத்த வச்சே தண்ணி எவ்ளோ ஆழத்துல கெடக்குன்னு ஒரு அந்தாஜா சொல்லிடலாம். இதுவும் அதான். நிலா மேல அமெரிக்க ராணுவம் 1946 ஜனவரி 10ல ரேடியோ அலை அடிச்சுது, ரெண்டரை செகண்ட்ல எதிரொலி வந்துச்சு. வெள்ளி நமக்கு ரொம்பக் கிட்ட வர்றப்பவே போய்த் திரும்ப நாலரை நிமிஷம். 1961ல கலிஃபோர்னியா கோல்ட்ஸ்டோன்ல இருந்து அத அடிச்சு எதிரொலி பிடிச்சாங்க, சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரம் அதுக்கப்புறம்தான் சுத்தமாக் கெடச்சது.

வம்பு என்னன்னா தூரம் ரெண்டு மடங்கானா எதிரொலி பாதியாகறது இல்ல, கால்வாசியும் இல்ல, பதினாறுல ஒரு பங்கா ஆயிடும். போகும்போதும் விரியுது, பட்டுத் திரும்பி வரும்போதும் விரியுது. அதனாலதான் லட்சக்கணக்குல வாட்டும் மைதானம் சைசுல ஆன்டெனாத் தட்டும் வேண்டியிருக்கு, வர்றதப் பிடிக்கவும்தான்.

இப்ப முக்கியமான விஷயம், தூரத்த மட்டும் வச்சு நிறுத்திக்கறது இல்ல. கோயில் திருவிழால குடை ராட்டினம் பாத்திருப்ப, ஒரு பக்கம் உக்காந்தவங்க உன்னப் பாத்து வருவாங்க, இன்னொரு பக்கம் விலகிப் போவாங்க. சுத்தற கிரகமும் அப்படித்தான். நம்மகிட்ட வர்ற விளிம்புல பட்ட அலை கொஞ்சம் கூடின அலைவரிசையில திரும்பும், விலகற விளிம்புல பட்டது குறைஞ்ச அலைவரிசையில திரும்பும். ஒரே அலைவரிசைய அனுப்பினா அகலமாகி வரும், எவ்ளோ அகலம்னு பாத்தா கிரகம் எவ்ளோ வேகமா சுத்துதுன்னு தெரிஞ்சிடும்.

இத வச்சுத்தான் 1965ல பெட்டன்கில், டைஸ்னு ரெண்டு பேர் புதன் கிரகத்தோட மானத்த வாங்கினாங்க. புதன் 88 நாளைக்கு ஒரு தடவ தன்னைத்தானே சுத்துது, எப்பவும் ஒரே முகத்தத்தான் சூரியனுக்குக் காட்டும்னு 1880கள்ல இருந்து பாடப்புத்தகமெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. பெரிய பெரிய ஆளுங்க கண்ணால பாத்து வரைபடம் வேற போட்டாங்க. எதிரொலிய அளந்தா 59 நாள்! சூரியன ரெண்டு சுத்து சுத்தறதுக்குள்ள தன்னைத்தானே மூணு சுத்து சுத்துது. வெள்ளி இன்னும் மோசம், மேகம் மூடிக் கெடக்கறதால கண்ணுக்கு ஒண்ணுமே தெரியல, ரேடியோ போய்ப் பாத்தா அது தலைகீழ்த் திசையில 243 நாளைக்கு ஒரு சுத்து சுத்துது. அப்புறம் 1991ல புதனோட துருவத்துல பளிச்சுனு எதிரொலி வந்துச்சு, வெயிலே படாத பள்ளத்துல பனிக்கட்டி! சூரியனுக்கு அவ்ளோ பக்கத்துல ஐஸ் இருக்குன்னு சொன்னா யாரு நம்புவா, பின்னாடி மெசஞ்சர் விண்கலம் போய் ஆமான்னு சொல்லிச்சு.

கேள்வி (சிவகாசி வாசகர்): இடிஞ்சு விழுந்துச்சே ஒரு பெரிய தட்டு, அது கிரகம் பாக்கவா கட்டினாங்க?

இல்லங்க, அதுதான் வேடிக்கை. அரெசிபோ, போர்ட்டோ ரிக்கோ தீவுல மலைப் பள்ளத்துல கட்டின 305 மீட்டர் தட்டு. கட்டச் சொன்னவர் கார்னெல் யூனிவர்சிட்டி வில்லியம் கார்டன், அவருக்கு வேண்டியது அயனோஸ்பியர். அங்க இருக்கற எலக்ட்ரான் ஒவ்வொண்ணும் ரேடியோ அலைய ஒரு துளி சிதறடிக்கும். அந்தத் துளிகளத் தரையில இருந்து பிடிச்சா எந்த உசரத்துல எவ்ளோ எலக்ட்ரான், எவ்ளோ சூடுன்னு ராக்கெட் விடாமலே சொல்லிடலாம். எலக்ட்ரான் கன்னாபின்னானு பறக்கறதால எதிரொலி ரொம்ப அகலமாப் பரவி மெலிஞ்சு போயிரும்னு கணக்குப் போட்டார், அதனால ஆயிரம் அடி தட்டு கேட்டார்.

1958ல கென் பௌல்ஸ்னு ஒருத்தர் இல்லினாய்ல ஏற்கனவே இருந்த டிரான்ஸ்மிட்டர வச்சு சோதனை பண்ணிப் பாத்தார், எதிரொலி வந்துச்சு, ஆனா கார்டன் நெனச்ச அகலம் இல்ல. எலக்ட்ரான் தனியா ஓட முடியாது, கனமான அயனிங்க (எலக்ட்ரான் கழண்டுபோன அணுக்கள்) அத இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கு, அதனால எதிரொலி குறுகி பலமா இருக்கு. அப்படின்னா இவ்ளோ பெரிய தட்டே தேவையில்ல! நல்லவேள, அளவக் குறைக்காம அப்படியே கட்டி 1963 நவம்பர்ல திறந்தாங்க. கணக்கு சரியா வந்திருந்தா சின்னத் தட்டு கட்டியிருப்பாங்க, இந்தத் தட்ட வச்சுப் பிடிச்ச புதனோட 59 நாள் 1965லயே தெரிஞ்சிருக்குமான்னு எனக்கு சந்தேகம்தான்.

கடைசில அரெசிபோல இருந்து கிரகத்துக்கு அடிச்ச டிரான்ஸ்மிட்டர் 10 லட்சம் வாட். 75 வாட் ஃபேனு பதிமூணாயிரம் ஒரே நேரத்துல சுத்தற கரண்ட். சனி வளையத்துக்கு அடிச்சா திரும்பி வர ரெண்டேகால் மணி நேரம், தட்டு அசையாது, ஒரு கிரகத்த அது ரெண்டே முக்கால் மணி நேரம் கூட துரத்த முடியாது. அடிச்சுட்டு வேகவேகமா கேக்கற கருவிக்கு மாறி காத்துக்கிட்டு இருப்பாங்க, டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள சனி மறஞ்சிரும்.

2020ல முதல்ல ஒரு கேபிள், அப்புறம் இன்னொரு கேபிள் அறுந்துச்சு. டிசம்பர் 1 காலையில மேல தொங்கின 900 டன் மேடை தட்டப் பிச்சுக்கிட்டு விழுந்துச்சு. அந்த வீடியோவ நான் ஒரே தடவதான் பாத்தேன். கோல்ட்ஸ்டோன்ல 70 மீட்டர் தட்டு இன்னும் இருக்கு, ஆனா அரெசிபோ அளவுக்கு யாராலயும் கத்த முடியாது.

கேள்வி (திருச்சி வாசகர்): ஏலியனுக்கும் மெசேஜ் அனுப்பினாங்களாமே, பதில் வந்துச்சா?

1974 நவம்பர் 16ல அனுப்பினாங்க, எம்13ங்கற நட்சத்திரக் கூட்டத்துக்கு, 1,679 பிட். போய்ச் சேர சுமார் 25,000 வருஷம். பதில் வந்தா இந்தப் பக்கத்துலயே போடறோம், சந்தாவ மட்டும் நிறுத்திடாதீங்க.

கேள்வி (தூத்துக்குடி வாசகர்): நம்ம பக்கம் இந்த மாதிரி எதுவும் இல்லையா?

இருக்கு. ஊட்டில இருக்கற பெரிய ரேடியோ டெலஸ்கோப்ப நிறைய பேர் நெனப்பீங்க, அது கேக்கும், கத்தாது. கத்தறதுன்னா திருப்பதி பக்கத்துல காதங்கி. 1,024 ஆன்டெனா, 53 மெகாஹெர்ட்ஸ், முதல்ல அமைச்சப்ப உச்சத்துல 25 லட்சம் வாட், காத்து மண்டலத்துலயும் அயனோஸ்பியர்லயும் நடக்கறதப் பாக்குது. உங்க பக்கத்துலயே, திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்துலயும் சின்ன ரேடார் வச்சு மேல் மண்டலத்த ஆராய்ச்சி பண்ற கூடம் இருக்கு.

தென்கோடில ஏன் இவ்ளோ அக்கறைன்னா, பூமியோட காந்த நடுக்கோடு (காந்தப் புலம் தரைக்கு இணையாப் படுத்திருக்கற கோடு) நம்ம கீழ்முனை வழியாத்தான் போகுது. அந்தக் கோட்டுக்கு மேல நூறு கிலோமீட்டர் சொச்சம் உசரத்துல பகல்ல கிழக்கு பாத்து ஒரு மின்னோட்டம் ஓடுது. கேரளாவுல தும்பால ராக்கெட் தளம் போட்டதுக்கும் அதுதான் காரணம். பூமியோட அந்தப் பக்கம் பெரு நாட்டுல லிமா பக்கத்துல ஹிகமார்க்கானு ஒரு இடம், அதே கோட்டு மேல, 18,432 டைபோல (ரெண்டு கை நீட்டின மாதிரி இருக்கற எளிய ஆன்டெனா) தரையில வரிசையா நட்டு வச்சு 1960கள் தொடக்கத்துல இருந்து இதே சமாச்சாரத்தப் பாத்துக்கிட்டு இருக்காங்க. அத அமைச்சது யாருங்கறீங்க, இல்லினாய்ல சோதனை பண்ணினாரே, அந்த பௌல்ஸ்தான்.