மூன்று பீப் இல்லாத இடம்

வணக்கம். நான்கு வருடமாக அனிமே தொடர்களுக்குத் தமிழில் குரல் கொடுக்கிறேன். கடைசி ஒரு வருடம் டப்பிங் ஒருங்கிணைப்பும் என் கையில். இனி வீடியோ கேம் குரல் தயாரிப்புக்குப் போக விருப்பம். வீட்டு அறையில்தான் பதிவு. எதில் தொடங்கலாம்?
— ச., உப்புவெளி

அன்புள்ள ச.,

டப்பிங்கில் உங்களைப் பிடித்து நடத்துவது படம். எப்போது தொடங்குவது என்று எண்ணிக் காட்டும் மூன்று பீப் ஒலி, பிறகு திரையில் வாயசைவு. கேமில் பல நேரம் படமே கிடையாது, வசன வரிகள் அடுக்கிய எக்செல் தாள்தான். பத்தாவது வரியில் சாவீடு, பதினோராவதில் பகிடி. அந்தத் தாளை ஒழுங்காக்குவதில் தொடங்குங்கள். கோப்புப் பெயர், யார், யாரிடம், என்ன நிலைமை, எவ்வளவு தூரத்தில் நின்று என்று தனித்தனிப் பத்திகள் (column) வேண்டும். தூரத்தைப் பலர் விட்டுவிடுவார்கள். பிறகு தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் காவலாளி காதுக்குள் கிசுகிசுப்பான்.

கோப்புப் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல், எண்ணை 001 என்று வையுங்கள். வெறும் 1, 2 என்றால் பல மென்பொருள்களின் வரிசையில் 10 வந்து 2-க்கு முன்னே நிற்கும். பெயர் ஓரெழுத்துப் பிசகினாலும் பாத்திரம் வாயசைக்கும், சத்தம் வராது.

தமிழில் பெரிய பொறி வேற்றுமை உருபு. ஆங்கிலத் தாளில் 'எடு' ஒரு துண்டு, பொருளின் பெயர் இன்னொரு துண்டு, ஒட்டிவிடலாம். நமக்கு 'வாள்' வாளை ஆகும், 'மரம்' மரத்தை ஆகும். உருபோடு சேர்த்தே ஒவ்வொன்றையும் பதியுங்கள். அல்லது 'எடுக்க வேண்டியது: மரம்' என்று வாக்கியத்தையே மாற்றச் சொல்லிக் கேளுங்கள். பதிவுக்குப் பின் கண்டுபிடித்தால் ஆளைத் திரும்பக் கூப்பிட வேண்டும்.

'குண்டு போடுறான்!' போன்ற சண்டைக் குரல்களை விளையாடுபவர் நூறு தடவை கேட்பார். ஐந்தாறு விதமாக, இரண்டு விநாடிக்குள். அழகான நடிப்பு இங்கே சீக்கிரம் சலித்துவிடும். அனிமேயிலிருந்து வருபவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும். அலறல், அடிவாங்கும் முனகல் எல்லாம் அமர்வின் கடைசியில். முதலில் எடுத்தால் மிச்ச வரிகளுக்குத் தொண்டை இருக்காது.

பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் (WAV) கோப்பு. எதிரொலி சேர்க்காதீர்கள், குகையா கூடமா என்பதை எஞ்சின், அதாவது கேமை இயக்கும் மென்பொருள், பார்த்துக்கொள்ளும். முதலில் பேசாமல் 30 விநாடி பதிந்து பாருங்கள்; இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரை கிறீச்சிடும், மூடின அறையில் மின்விசிறியும் போட முடியாது. காற்று விழும் நேரம் பார்த்து 20 நிமிடத் துண்டுகளாக எடுங்கள்.

வேலை கேட்கும்போது குரல் மாதிரி மட்டும் அனுப்ப வேண்டாம். 40 வரிகளை இலவசமாகக் கிடைக்கும் கோடோட் எஞ்சினில் ஓடவிட்டு, அந்தக் காணொளியோடு எக்செல் தாளையும் சேர்த்து அனுப்புங்கள்.