எந்த செல்லில் வெட்டியது, எப்போது வெட்டியது? கண்டிஷனல் நாக்அவுட் எலிகள்: கேள்வி பதில்

நோய் எதிர்ப்பு செல்களில் ஒரு ஜீன் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க கண்டிஷனல் நாக்அவுட் சுண்டெலிகளை (குறிப்பிட்ட செல்களில் மட்டும் ஒரு ஜீன் நீக்கப்பட்ட எலிகளை) வளர்ப்பவர்களும், வளர்க்க நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. பல வருடங்களாக இந்த எலிகளோடு இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: உடல் முழுக்க ஜீனை நீக்கிவிட்டால் போதாதா? எதற்கு இவ்வளவு சுற்று?

பல ஜீன்களில் அது நடக்காது. ஸ்டாட்3 ஜீனை முழுதாக நீக்கினால் எலி கருவிலேயே இறந்துவிடும். அதையே லைஸ்எம்-கிரீ (ஜீனை வெட்டும் கருவி, அடுத்த பதிலில் சொல்கிறேன்) கொண்டு மேக்ரோஃபேஜ், நியூட்ரோஃபில் என்ற நோய் எதிர்ப்பு செல்களில் மட்டும் நீக்கியபோது எலி பிறந்தது, வளர்ந்தது, பிறகு அதன் குடலில் நாள்பட்ட அழற்சி வந்தது. 1999இல் வெளியான ஆய்வு அது. அழற்சியை அடக்க இந்தச் செல்களுக்கு ஸ்டாட்3 வேண்டும் என்பது அப்படித்தான் தெரிந்தது. முழு நாக்அவுட்டை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

கேள்வி: கிரீ, லாக்ஸ்பி என்கிறீர்கள். சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

கிரீ என்பது பி1 என்ற பாக்டீரியா வைரஸிலிருந்து வந்த என்சைம். லாக்ஸ்பி என்பது 34 எழுத்து டிஎன்ஏ: இரு ஓரத்திலும் ஒன்றுக்கொன்று எதிர்முகமாக 13 எழுத்து, நடுவில் 8. ஜீனின் முக்கியமான எக்ஸானுக்கு (புரோட்டீனுக்கான குறியீடு உள்ள துண்டுக்கு) இருபுறமும் ஒரே திசையில் லாக்ஸ்பி வைத்தால், கிரீ உள்ள செல்லில் நடுத்துண்டு வெட்டுப்பட்டுப் போய்விடும். கிரீ இல்லாத செல்லில் ஜீன் வழக்கம்போல் வேலை செய்யும். இப்படி லாக்ஸ்பி வைத்த எலிதான் ஃப்ளாக்ஸ் எலி.

கேள்வி: சிடி4-கிரீ போட்டேன். சிடி8 டி செல்களிலும் ஜீன் காணவில்லை. எலியை மாற்றிவிட்டேனா?

இல்லை, சரியான எலிதான். தைமஸில் (டி செல்கள் வளரும் உறுப்பு) டி செல் ஒரு கட்டத்தில் சிடி4, சிடி8 என்ற அடையாளப் புரோட்டீன்கள் இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கும். கிரீ அப்போதே வேலையை முடித்துவிடுகிறது. பிறகு அந்தச் செல் எந்தப் பக்கம் போனாலும் வெட்டுப்பட்ட ஜீனோடுதான் போகும். கிரீயின் பெயர் எந்த ஜீனின் ப்ரோமோட்டர் (ஜீனை இயக்கும் ஸ்விட்ச்) அதை இயக்குகிறது என்று மட்டுமே சொல்கிறது. அந்த ப்ரோமோட்டர் முதன்முதலில் எப்போது விழித்தது என்பதை நீங்கள்தான் தேடிப் படிக்க வேண்டும்.

கேள்வி: கன்ட்ரோலுக்கு எந்த எலி?

ஒரே ஈற்றில் பிறந்த, கிரீ இல்லாத ஃப்ளாக்ஸ் எலிகளைத்தான் பலரும் வைக்கிறார்கள். அது மட்டும் போதாது. கிரீயே சில செல்களுக்கு நஞ்சாகலாம், ஆகவே கிரீ மட்டும் உள்ள எலியும் வேண்டும். பி செல்களில் வெட்டும் சிடி19-கிரீயில் இது இன்னும் முக்கியம். அங்கே சிடி19 ஜீனுக்குள்ளேயே கிரீயைச் செருகியிருக்கிறார்கள், ஒரு பிரதி போனது போனதுதான். இரண்டு பிரதியிலும் கிரீ வந்துவிட்டால் உங்கள் எலியில் சிடி19 இருக்காது, பி செல்லில் நீங்கள் பார்க்கும் குறை யாருடையது என்றே தெரியாது.

கேள்வி: மண்ணீரலில் பிசிஆர் (ஜீன் வெட்டுப்பட்டதா என்று பார்க்கும் டிஎன்ஏ சோதனை) நன்றாக வந்தது, நோய் வந்த திசுவில் மட்டும் புரோட்டீன் திரும்ப வந்துவிட்டது. ஏன்?

இது என்னையும் வாட்டிய கேள்வி. பிரித்தெடுத்த மண்ணீரல் டி செல்களை ஜெல்லில் ஓட்டினால், வெட்டுப்படாத ஜீனின் பட்டை மேலே நிழல் மாதிரி தெரிந்தது. சிறிய மிச்சம் என்று விட்டுவிட்டேன். அதே எலியின் அழற்சியுற்ற குடலிலிருந்து எடுத்த டி செல்களில் அந்த நிழல் பளிச்சென்று நின்றது! வெட்டுக்குத் தப்பிய ஒரு சில செல்கள், ஜீன் இருப்பதாலேயே மற்றவற்றை முந்திப் பெருகிவிட்டன. ஆகவே நோய் நடக்கும் இடத்திலிருந்தே செல்களைப் பிரித்து, டிஎன்ஏ, புரோட்டீன் இரண்டையும் பாருங்கள். வெட்டு நடந்து சில நாள்தான் ஆகிறது என்றால் வேறு காரணமும் உண்டு: ஜீன் போனாலும் பழைய புரோட்டீன் அழிய நேரம் எடுக்கும்.

கேள்வி: ஃபாக்ஸ்பி3-கிரீயில் பெண் எலிகளை ஒதுக்கிவிடலாமா?

ஐயோ, ஒதுக்காதீர்கள்! நோய் எதிர்ப்பை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களின் அடையாளமான ஃபாக்ஸ்பி3 ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஒரு எக்ஸில் மட்டும் கிரீ உள்ள பெண் எலியில், ஒவ்வொரு செல்லும் ஒரு எக்ஸை மட்டுமே பயன்படுத்துவதால், ஏறக்குறைய பாதி ஒழுங்குபடுத்தும் டி செல்களில்தான் கிரீ இருக்கும். மற்ற பாதி எலியை ஆரோக்கியமாக வைத்திருக்கும். ஒரே உடலில், ஒரே சூழலில் இரு வகைச் செல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இதைவிட நேர்மையான ஒப்பீடு எனக்குத் தெரியாது.

கேள்வி: டமாக்சிஃபென் மருந்து கொடுத்தால் மட்டும் வேலை செய்யும் கிரீயைக் கொண்டு, வளர்ந்த எலியில் வெட்டினால்?

வளர்ச்சிக்காலக் குழப்பம் தவிர்க்கப்படும், நல்லதுதான். ஆனால் அது ஈஸ்ட்ரோஜன் ரிசப்டரைத் தொடும் மருந்து, நோய் எதிர்ப்பு செல்களையும் பாதிக்கும். கன்ட்ரோல் எலிகளுக்கும் அதே அளவு கொடுங்கள்.

கேள்வி: எவ்வளவு காலம் ஆகும்?

இரண்டு தலைமுறை, குறைந்தது ஐந்து மாதம். இரண்டாம் கலப்பில் நான்கில் ஒரு குட்டிதான் வேண்டிய வகையாக (ஜீனின் இரு பிரதியிலும் லாக்ஸ்பி, கூடவே கிரீ) கிடைக்கும். அப்புறம் அதை ஃப்ளாக்ஸ் எலியோடு சேர்த்தால் பாதிக்குப் பாதி.

கேள்வி: ஜீன் சோதனைக்கு எடுத்த காதுத் துண்டில் வெட்டுப்பட்ட ஜீனின் பட்டை தெரிகிறது. கவலைப்பட வேண்டுமா?

மங்கலாக இருந்தால் காதிலுள்ள ரத்த செல்களிலிருந்து வந்திருக்கலாம். அழுத்தமாக இருந்தால் பெற்றோரின் விந்திலோ முட்டையிலோ கிரீ கசிந்திருக்கிறது, குட்டியின் உடல் முழுக்க ஒரு பிரதி போய்விட்டது. அந்தக் குட்டியைச் சோதனையில் சேர்க்காதீர்கள், இனப்பெருக்கத்துக்கும் வைக்காதீர்கள்.