பழைய நூலையும் பழைய குரோஷே புத்தகத்தையும் வைத்துப் பின்ன முடியுமா?

பல ஆண்டுகளாகப் பெட்டியில் கிடந்த பருத்தி நூலில், 1950களின் பிரிட்டிஷ் குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) புத்தகம் ஒன்றைப் பார்த்துப் பின்ன முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். முதலில் ஒரு முழம் நூலை வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். சட்டென்று அறுந்தால் அது இற்றுப்போன நூல். அதில் உழைப்பைக் கொட்டாதீர்கள். தாங்கினால், பெரிய வளையமாக, அதாவது சிட்டமாகச் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, மென்மையான சோப்பு நீரில் அலசி நிழலில் தொங்கவிடுங்கள். சுருக்கங்கள் நீங்கும், சாயம் போகுமா என்பதும் தெரிந்துவிடும்.

உண்மையில் கவனம் வேண்டியது புத்தகத்தில்தான். பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே எனப்படும் கண்ணிக்கு (பின்னல் வகைக்கு) அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே என்று பெயர். இன்றைய காணொளிகள் பலவும் அமெரிக்க முறையைப் பின்பற்றுகின்றன. அந்தப் பழக்கத்திலேயே பின்னினால் கண்ணிகள் உயரமாகி, தட்டையாக வரவேண்டிய வட்டம் கிண்ணம்போல் குவிந்துவிடும். ஊசி அளவும் அப்படித்தான்: பழைய பிரிட்டிஷ் எண் கூடக் கூட ஊசி மெலியும். கம்பளி நூலுக்கான 8ஆம் எண் ஊசி 4 மில்லிமீட்டர், 14ஆம் எண் 2 மில்லிமீட்டர். எண்ணை நம்புவதைவிட ஒரு சிறு மாதிரித் துண்டு பின்னி அளப்பதே நல்லது.

அதே சாய நூல் மறுபடி கிடைக்காது. ஆகவே கைக்குட்டை ஓரம், புத்தகக் குறி, கோப்பை விரிப்பு என்று இருப்பதற்குள் முடிவதையே தேர்ந்தெடுங்கள். என் விருப்பம் கைக்குட்டை ஓரம்: மெல்லிய நூலின் அழகு அதில்தான் முழுதாகத் தெரியும்.